சுயபதிப்பு நூல்களைத் தேடிப் பிடித்து மதிப்புரை எழுதுவது எப்படி?

ஏடுபுரட்டி:
மாதம் நாலைந்து சுயபதிப்பு நூல்களுக்கு மதிப்புரை எழுத உத்தேசம். துப்பறியும் கதை, காதல், அறிபுனை, கவிதை, கட்டுரை என்று கலந்து எடுக்க வேண்டும். இணையக் கடையின் முகப்பில் வருவதெல்லாம் விளம்பரம் கொடுத்த நூல்கள்தான். நட்சத்திரத்தை நம்பி எடுத்தால் இரண்டாம் அத்தியாயம் தாண்டுவதில்லை. நல்லதை எங்கே தேடுவது, எப்படிச் சலிப்பது? எழுத்தாளரிடமே இலவசப் பிரதி வாங்கி எழுதலாமா?

ஓரக்குறிப்பு:
தேடும் இடத்தை மட்டும் சொல்கிறேன். அமேசானின் சுயபதிப்புச் சேவையான கேடிபியில் 'செலக்ட்' என்ற திட்டத்தில் சேர்ந்த மின்னூலை, அந்த 90 நாள் தவணை முடியும்வரை வேறெங்கும் விற்கக் கூடாது. சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெடில் இருக்கும் சுயபதிப்பு நூல்கள் பெரும்பாலும் இந்த வகை. ஆகவே அங்கே இருப்பது ஸ்மாஷ்வேர்ட்ஸ் என்ற மின்னூல் கடையில் கிடைக்காது. ஒரு கடையை மட்டும் துழாவினால் பாதிப் பேரைத் தவறவிடுவீர்கள், இரண்டையும் பாருங்கள். ஸ்மாஷ்வேர்ட்ஸ் 2022இல் மின்னூல் விநியோக நிறுவனமான டிராஃப்ட்2டிஜிட்டலோடு இணைந்தாலும் கடை தனியாகத்தான் நடக்கிறது. மார்ச்சிலும் ஜூலையிலும் பெரிய தள்ளுபடி விற்பனை வரும், தொடரின் முதல் பாகத்தை இலவசமாகத் தருகிறவர்கள் அப்போது நிறையத் தென்படுவார்கள். செலக்டில் இருப்பவர்களும் ஒரு தவணையில் 5 நாள் வரை நூலை இலவசமாக விடலாம். பிடித்த எழுத்தாளரின் மின்னஞ்சல் பட்டியலில் சேர்ந்திருந்தால் அந்த நாள் தெரிந்துவிடும்.

அச்சு நூலென்றால் விவரப் பகுதியில் பதிப்பகத்தின் பெயரைப் பாருங்கள். கேடிபி இலவசமாகத் தரும் ஐஎஸ்பிஎன் (நூல் அடையாள எண்) வாங்கியிருந்தால் அங்கே 'இன்டிபென்டன்ட்லி பப்ளிஷ்ட்' என்றிருக்கும். சொந்தமாக ஐஎஸ்பிஎன் வாங்கித் தனிப் பதிப்பகப் பெயர் வைத்தவர்கள் இந்த வலையில் சிக்க மாட்டார்கள்.

ஆங்கில மிகைபுனைவுக்கு (ஃபேன்டசி) எஸ்பிஎஃப்பிஓ என்ற சுயபதிப்பு நூல் போட்டியை விட்டுவிடாதீர்கள். மிகைபுனைவு எழுத்தாளர் மார்க் லாரன்ஸ் 2015இல் தொடங்கியது. 300 நூல்கள், 10 வலைப்பதிவுக் குழுக்கள், குழுவுக்கு 30 நூல், அதிலிருந்து ஒன்றுதான் இறுதிச் சுற்றுக்குப் போகும். வென்ற நூலைவிட, கழிக்கப்பட்ட நூல்களுக்கு அந்தக் குழுக்கள் எழுதும் குறிப்புகள்தான் புதையல். அறிபுனைக்கு 2021இல் இதே பாணியில் எஸ்பிஎஸ்எஃப்சி என்ற போட்டி வந்தது.

சலிப்பான்:
இடம் தெரிந்தால் போதாது, சலிக்கத் தெரிய வேண்டும். கிண்டிலில் மாதிரிப் பகுதி ஏறக்குறைய நூலின் 10%. இருநூறு பக்க நூலில் இருபது பக்கம், அதிலும் சமர்ப்பணம், அணிந்துரை, நன்றி என்று ஐந்தாறு போய்விடும். முதல் இரண்டு பக்கத்தைப் படித்துவிட்டு நேரே மாதிரியின் கடைசி மூன்று பக்கத்துக்குப் போங்கள். தொடக்கத்தை எல்லோரும் பலமுறை இழைத்திருப்பார்கள். எழுத்தின் உண்மையான தரம் இழைப்பு குறைந்த பிற்பகுதியில்தான் தெரியும். அங்கே ஒரு பாத்திரத்தின் பெயர் இரண்டு விதமாக எழுதப்பட்டிருந்தால், யார் பேசுகிறார்கள் என்று திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தால், செம்மையாக்கம் நடக்கவில்லை என்று பொருள். நாலைந்து எழுத்துப்பிழைக்காக ஒதுக்க வேண்டாம். உரையாடல் குழப்பத்துக்காக ஒதுக்கலாம்.

கட்டுரை நூலில் பொருளடக்கத்தையும், மாதிரியில் உள்ள ஏதாவது ஒரு உறுதியான கூற்றையும் எடுத்துச் சரிபாருங்கள். கவிதைக்கு மாதிரி போதாது, முதல் கவிதை எப்போதும் தொகுப்பின் சிறந்த கவிதையாகத்தான் இருக்கும்.

எழுத்தாளர் பக்கத்தையும் திறந்து பாருங்கள். சில மாதங்களில் முப்பது நூல், எல்லாம் வெவ்வேறு துறை என்றால் இயந்திரம் எழுதியதோ என்று ஐயப்படக் காரணம் உண்டு. ஒரு நாளைக்கு மூன்று புதிய நூலுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று கேடிபியே 2023இல் வரம்பு வைக்க வேண்டி வந்தது.

நட்சத்திரச் சராசரியைப் பார்க்காமல் மூன்று நட்சத்திரக் குறிப்புகளை முதலில் படியுங்கள். நிறையும் குறையும் அங்கேதான் சேர்ந்து இருக்கும்.

ஓரக்குறிப்பு:
@சலிப்பான் கடைசியாகச் சொன்னது பிரபலமான நூலுக்குச் சரி. இவர் தேடும் நூல்களுக்கு மொத்தமே ஏழெட்டு மதிப்புரைதான் இருக்கும், மூன்று நட்சத்திரம் ஒன்றுகூட இருக்காது. வெளியான முதல் வாரத்தில் வந்தவற்றைத் தள்ளிவிட்டு, பின்னால் வந்த ஒன்றிரண்டைப் பார்ப்பது நல்லது.

முன்பிரதி:
இலவசப் பிரதி வாங்கலாம், தப்பில்லை. அதற்குப் பதிலாக மதிப்புரை எழுதியே ஆக வேண்டும், நல்லதாக எழுத வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் கூடாது. அமேசான் விதிப்படி குடும்பத்தாரும் நெருங்கிய நண்பர்களும் எழுதக் கூடாது, காசு வாங்கக் கூடாது, 'உன் நூலுக்கு நான், என் நூலுக்கு நீ' என்ற பண்டமாற்றும் கூடாது. மீறினால் மதிப்புரையை நீக்கிவிடுவார்கள். இலவசமாக வந்தது என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

பிரதி வாங்கும் முன் மூன்று விஷயத்தை எழுத்தில் தெரிவியுங்கள்: தேதி உறுதியில்லை, நட்சத்திரம் உறுதியில்லை, பாதியில் நிறுத்தவும் கூடும். பின்னால் வரும் மனக்கசப்பில் முக்கால்வாசி இதிலேயே தீர்ந்துவிடும்.

வெளியீட்டுக்கு முந்தைய பிரதியில் எழுத்துப்பிழை இருந்தால் மதிப்புரையில் எழுத வேண்டாம், அது திருத்தப்படக் கூடியது. எழுத்தாளருக்குத் தனியே அனுப்புங்கள். பக்க எண் கொடுத்துப் பயனில்லை, எழுத்தளவை மாற்றினால் மின்னூலில் பக்கமும் மாறும். பிழை உள்ள இடத்திலிருந்து ஐந்தாறு சொற்களை அப்படியே நகலெடுத்துக் கொடுத்தால் அவர் தேடிக் கண்டுபிடிப்பார்.

மதிப்புரைக்கு முன்பிரதி தரும் நெட்கேலி தளத்தில் சேர்ந்தால் ஆசைப்பட்டு இருபது நூல் கேட்காதீர்கள். வாங்கியதில் 80%க்குக் கருத்து எழுத வேண்டும் என்பது அவர்கள் பரிந்துரைக்கும் அளவு. அது குறைந்தால் அடுத்த கோரிக்கைகளை மறுப்பார்கள். இரண்டிரண்டாகக் கேளுங்கள். நூலைத் தளத்திலிருந்து எடுக்கும் 'காப்பகத் தேதி' தாண்டினால் தரவிறக்க முடியாது என்பதால் கிடைத்த அன்றே இறக்கிவிடுங்கள்.

நாலுவரி:
எழுதும்போது: 300 சொல் போதும், கதைச்சுருக்கம் அதில் 60ஐத் தாண்ட வேண்டாம். நூலின் முதல் கால் பகுதிக்குப் பிறகு நடப்பதைச் சொல்லாதீர்கள்.

வகைமைக்கு ஏற்ப அளவுகோல் மாறும். காதல் கதை வாசகர் இனிய முடிவை எதிர்பார்த்துத்தான் வாங்குகிறார், 'முடிவு ஊகிக்க முடிந்தது' என்று குறை சொன்னால் அது குறையே அல்ல. துப்பறியும் கதையில் பார்க்க வேண்டியது, குற்றவாளியைக் கண்டுபிடிக்கத் தேவையான தடயம் வாசகர் கண்ணிலும் பட்டதா என்பது. தொடரின் இரண்டாம் பாகமென்றால் முதலாவதைப் படிக்காமல் புரியுமா என்று கட்டாயம் சொல்லுங்கள். கவிதையில் மூன்று நான்கு வரி மேற்கோள் காட்டாமல் பாராட்டினால் யாரும் நம்ப மாட்டார்கள். முழுக் கவிதையையும் எடுத்துப் போடுவதும் கூடாது.

'நடை விறுவிறுப்பு' போன்ற பொத்தாம்பொதுவான வரி எந்த நூலுக்கும் பொருந்தும், அதனால் எதற்கும் உதவாது. 'நடுப்பகுதியில் மூன்று அத்தியாயம் விசாரணை அறையை விட்டு நகரவில்லை, ஆனாலும் தொய்யவில்லை' என்று எழுதுங்கள். இதில் வாங்குபவருக்கும் செய்தி இருக்கிறது, எழுதியவருக்கும் இருக்கிறது.

அமேசான், வாசகர் தளமான குட்ரீட்ஸ் இரண்டிலும் ஒரே நட்சத்திர எண்ணிக்கையைப் போடாதீர்கள். குட்ரீட்ஸில் மூன்று என்றால் 'பிடித்தது', இரண்டு 'பரவாயில்லை'. அமேசானோ மூன்றையும் எதிர்மறைக் கணக்கில் சேர்க்கும். பத்து மதிப்புரைகூட இல்லாத நூலுக்கு அது பெரிய அடி.

ஏடுபுரட்டி:
நன்றி, எல்லாம் குறித்துக்கொண்டேன். பாதியில் நிறுத்திய நூலுக்கு என்ன செய்வது?

நாலுவரி:
நட்சத்திரம் தராமல், எத்தனை சதவீதத்தில், எதனால் நிறுத்தினீர்கள் என்று நாலு வரி. அமேசானில் நட்சத்திரம் இல்லாமல் பதிய முடியாது, அங்கே விட்டுவிடுங்கள். குட்ரீட்ஸில் முடியும். 15%க்குள் நிறுத்தியிருந்தால் எங்கேயும் எழுத வேண்டாம், அவ்வளவு மட்டும் படித்துச் சொல்லும் கருத்து மாதிரிப் பகுதியைப் பற்றியதுதான்.