குடிநீர் சுத்திகரிப்பு நிலைய விரிவாக்கம்: அந்தச் சேறு எங்கே போகும்?

பவானிக் கரையில் இருக்கிற எங்கள் ஊர் சுத்திகரிப்பு நிலையத்தைப் பெரிதாக்கப் போகிறார்கள் என்றதும் எல்லாருக்கும் சந்தோஷம்தான், வாரத்துக்கு ஒருமுறை வருகிற தண்ணீர் தினமும் வரும் என்றால் யார் வேண்டாம் என்பார்கள். திட்ட அறிக்கையை ஆர்.டி.ஐ. போட்டு வாங்கிப் படித்தேன். பில்டர் பெட், மேல்நிலைத் தொட்டி, பைப் லைன் எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கிறது. கழிவைப் பற்றி மட்டும் ஒரே வரி, முறைப்படி அப்புறப்படுத்தப்படும் என்று. எந்த முறை, எந்த இடம், ஒன்றும் இல்லை.

இது லேசான விஷயம் இல்லை. ஆற்றுத் தண்ணீரில் இருக்கும் மண்ணைப் படிய வைக்கப் படிகாரம் போடுகிறார்கள். லிட்டருக்கு 30 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டாலே, 10 எம்.எல்.டி.க்கு, அதாவது ஒரு நாளைக்கு ஒரு கோடி லிட்டருக்கு, தினம் 300 கிலோ ஆகிறது. அது மண்ணோடு சேர்ந்து கொழகொழவென்று அடியில் தங்கும், மழைக்காலத்தில் ஆறு கலங்கி வரும்போது இன்னும் கூடும், பில்டரைக் கழுவிவிடும் பேக்வாஷ் தண்ணீர் வேறு. இப்போதே நிலையத்துக்குப் பின்னால் ஓடையில் இறங்கினால் கல்லெல்லாம் சாம்பல் நிறத்தில் வழுக்குகிறது, காய்ந்த இடத்தில் சேறு ஓடு ஓடாக வெடித்துக் கிடக்கிறது. அந்த ஓடை ஆற்றில்தான் போய்ச் சேர்கிறது, கீழே அடுத்த ஊர்க்காரர்கள் அதே ஆற்றில்தான் தண்ணீர் எடுக்கிறார்கள்.

கூட்டத்தில் கேட்டதற்கு, "இதுக்கெல்லாம் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லைங்க" என்றார் பொறியாளர். சட்டப்படி சரிதான். மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் குடிநீர் சுத்திகரிப்பு நிலையமே கிடையாது, அதனால் கட்டாயக் கருத்துக்கேட்பும் இல்லை. ஆனால் உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி மாதிரி இடங்களில் கடன் வாங்கினால் சுற்றுச்சூழல் மதிப்பீடு செய்து வெளியிட்டே ஆக வேண்டும். அதனால் உங்கள் ஊரில் இப்படி ஒரு திட்டம் வந்தால் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் விசாரியுங்கள்.

*

சேறு பற்றிய உங்கள் பதிவைப் படித்தேன், சரியாகக் கேட்டிருக்கிறீர்கள் அண்ணா. சென்னையில் நாங்கள் பட்டதையும் சொல்கிறேன். செம்பரம்பாக்கத்தில் 530 எம்.எல்.டி. நிலையம் 2007லேயே வந்துவிட்டது, பெரிய நிலையம்தான். 2019 ஜூனில் ஏரியே வறண்டு போனபோது அதை வைத்து என்ன செய்வது? நாங்கள் ராத்திரி லாரிக்குக் குடத்தோடு காத்திருந்தோம், ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். நெம்மேலியில் 2024ல் திறந்த 150 எம்.எல்.டி., பேரூரில் வரப்போகும் 400 எம்.எல்.டி. என்று கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களைக் கட்டி, இப்போது கடலை நம்பி இருக்கிறோம். கடற்கரையில் கட்டுவதால் அவற்றுக்குக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி வேண்டும், வெளியேறும் உப்புநீர் கடலில் எப்படிப் பரவும் என்று கணக்குக் காட்ட வேண்டும். ஆற்றங்கரை ஊர்களுக்கு அந்த அளவுகூடக் கேள்வி இல்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

உங்கள் அறிக்கையில் கோடைக்கால நீர்வரத்து எத்தனை வருடத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நல்ல மழை பெய்த இரண்டு மூன்று வருடத்தை மட்டும் வைத்திருந்தால் விடாதீர்கள், வறட்சி வருடங்களையும் சேர்க்கச் சொல்லி மனுவாக எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.