நம்பகமான பெயிண்டிங் காண்ட்ராக்டரை எப்படிப் பிடிப்பது?

கேள்வி:
போன தடவை வந்தவர் பாதிப் பணத்தை முன்னாடியே வாங்கிக்கொண்டு, சுவரைச் சமமாக்கப் பூசும் பட்டி காய்வதற்குள் பெயிண்ட் அடித்துவிட்டார், ஆறே மாதத்தில் செதில் செதிலாக உரிந்துவிட்டது. இந்த முறை எதைப் பார்த்து ஆளை முடிவு செய்வது?

பதில் 1:
புதிதாகப் பேசும் காண்ட்ராக்டர் 2 வருடத்துக்கு முன் முடித்த வீட்டைப் போய்ப் பாருங்கள். புதுச் சுவர் எல்லாமே அழகாகத்தான் இருக்கும்.

பதில் 2:
எந்த பெயிண்ட், பெயிண்டுக்கு முன் அடிக்கும் பிரைமர் உண்டா, எத்தனை கோட் என்று எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். அப்புறம் டின்னை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் தண்ணீர் அதிகம் கலந்தால் 2 கோட் அடித்தாலும் பழைய நிறம் தெரியும். பணத்தை வேலை முடிய முடியக் கொடுங்கள்.

பதில் 3:
சுவரில் ஈரக்கசிவு இருக்கிறதா நண்பரே? அதை நிறுத்தாமல் யார் அடித்தாலும் உரியும். சுவரைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் தொகை சொல்பவர் வேண்டவே வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
ஆமாம், குளியலறைப் பக்கச் சுவர் ஈரமாகத்தான் இருக்கிறது. சரி, முதலில் பிளம்பரைக் கூப்பிடுகிறேன். நன்றி.