ஊசி போட்டவர்கள் வாருங்கள்: மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம்

திருச்சி வண்டிக்காரன்:
டிர்செபடைட் 2.5 மி.கி., சர்க்கரைக்கும் எடைக்கும் வாரம் ஒரு தடவை போடுகிற ஊசி, மூன்றாவது வாரம். எடை 104, சர்க்கரை ஏழு வருஷமாக. மற்ற கதையெல்லாம் உங்களுக்கே தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மதுரை போகும் வழியில், விராலிமலை தாண்டி எனக்கு வழக்கமான பரோட்டாக் கடை ஒன்று உண்டு. வண்டியைப் பார்த்ததுமே மாஸ்டர் நாலு உருண்டையைத் தட்ட ஆரம்பித்துவிடுவார். அன்றும் தட்டினார், பிய்த்துப் போட்டு சால்னாவை ஊற்றினார். ஒன்று உள்ளே போனது. இரண்டாவதில் பாதி. அதோடு கை நின்றுவிட்டது. வயிறு நிறைந்ததால் இல்லை. நிறைந்தாலும் நிறுத்தாத ஆள் நான். சால்னா மேல் எண்ணெய் ஆடை கட்டுகிற வரைக்கும் இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். "என்னண்ணே, சால்னா சரியில்லையா?" என்று மாஸ்டரே வந்து கேட்டார். முகம் வாடிவிட்டது அவருக்கு. சால்னா நன்றாகத்தான் இருந்தது. ருசியும் தெரிந்தது. வேண்டும் என்ற நினைப்புதான் இல்லை. வண்டியில் ஏறிய பிறகு உறைத்தது: காலையிலிருந்து சாப்பாட்டைப் பற்றி ஒரு தடவைகூட நினைக்கவில்லை. 46 வயசில் இதுதான் முதல் நாள். உங்களுக்கும் இப்படியா?

சிறுவாணித் தண்ணி:
எனக்குப் பட்டாணி. சிரிக்காதீர்கள்.

இதே மாதிரி இன்னொரு வாராந்தர ஊசி, செமாக்ளூடைட் 1 மி.கி. போய்க்கொண்டிருந்தபோது நெஞ்செரிச்சலுக்கு எண்டோஸ்கோப்பி எழுதிக் கொடுத்தார்கள். முந்தின ராத்திரி எட்டு மணிக்கு இரண்டு சப்பாத்தி, குருமா. அப்புறம் பச்சைத் தண்ணீர்கூட இல்லை. காலை பத்தரைக்குக் குழாயை விட்டார்கள். தொண்டைக்கு மட்டும் மரத்துப்போகிற மருந்து அடித்திருந்தார்கள், விழிப்பாகத்தான் இருந்தேன். திரையில் பார்த்தால் என் வயிற்றுக்குள் பட்டாணி கிடக்கிறது. பச்சைப் பச்சேலென்று, முழுசாக. டாக்டர் குழாயை உருவிவிட்டு, "காலையில சாப்பிட்டீங்களாம்மா?" என்றார். இல்லை என்றேன். "உண்மையைச் சொல்லுங்கம்மா." பேரன் பேத்தி எடுத்தவளைத் திருடியைப் போல விசாரிக்கிறார்! ஊசி போடுகிறேன் என்று சொன்ன பிறகுதான் அவர் குரல் இறங்கியது. இந்த மருந்து இரைப்பை காலியாவதையே மெதுவாக்கிவிடுமாம். மயக்கம் கொடுத்திருந்தால் உள்ளே கிடந்தது மேலேறி நுரையீரலுக்குள் போகிற ஆபத்து உண்டாம். முன்னாடி அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இன்றுவரை என் வீட்டுக் குருமாவில் பட்டாணி கிடையாது.

காலைநடை:
பல்லி விஷத்தை வாரா வாரம் ஏற்றிக்கொண்டு பசி இல்லை என்று ஆச்சரியப்படுகிறீர்கள். மெரினாவில் ஒன்றரை வருஷம் நடந்து 11 கிலோ குறைத்தவன் நான். என் மச்சினனுக்கு இதே ஊசிதான். போன மாதம் வந்திருந்தான். அவன் அக்கா ஆசையாகச் சுட்ட உளுந்து வடையை வாய்க்குக் கொண்டுபோனவன், அப்படியே எழுந்து ஓடி வாஷ்பேசினில் வாந்தி. இவள் கையில் கரண்டியோடு நின்று அழுகிறாள். நாக்கைக் கட்டினால் போதாதா?

தூங்காநகரம்:
காலைநடை சார், பல்லிக் கதை வேறு. அமெரிக்கப் பாலைவனத்துக் கீலா பல்லியின் விஷத்தில் 1990-களின் தொடக்கத்தில் கண்டெடுத்த பொருளைப் பார்த்துச் செய்த சர்க்கரை மருந்து எக்ஸெனடைட், 2005-இல் அனுமதி கிடைத்தது. அதுவும் ஆய்வகத்தில் செய்ததுதான், பல்லியைப் பிழிந்ததில்லை. செமாக்ளூடைட், சாப்பிட்டதும் நம் குடலே சுரக்கிற ஜிஎல்பி-1 ஹார்மோனைக் கொஞ்சம் மாற்றிச் செய்தது. நம் உடம்பில் சுரப்பது ஓரிரண்டு நிமிஷத்தில் உடைந்துபோகும். ஊசியில் வருவது பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். மூளைக்குப் "போதும், போதும்" என்று வாரம் முழுக்கச் சேதி போய்க்கொண்டே இருக்கும். இதில் நாக்கு எங்கே வந்தது?

நானும் கட்டிப் பார்த்தவன்தான். டிர்செபடைட் எட்டு மாதம், 13 கிலோ போனது. 2025-இல் இந்தியாவுக்கு வந்த புதிதில் 2.5 மி.கி. என்றால் நாலு குப்பி 14,000 ரூபாய், 5 மி.கி. என்றால் 17,500. பையனுக்குக் கல்லூரிக் கட்டணம் வந்ததும் நிறுத்திவிட்டேன். ஐந்தாவது வாரம், ராத்திரி ஒன்றரை மணி. திறந்த ஃப்ரிட்ஜ் வெளிச்சத்தில் நின்றுகொண்டு, மிஞ்சிய புளியோதரையைச் சில்லென்று கையாலேயே அள்ளித் தின்றுகொண்டிருந்தேன். மனைவி வந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை, லைட்டைப் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். செமாக்ளூடைட்டை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2021-இல் வந்தது: 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் குறைந்தார்கள், அதன் தொடர்ச்சியில் பார்த்தபோது, நிறுத்தியவர்களுக்கு ஒரே வருஷத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறியது. மருந்து வேறாக இருந்தாலும் எனக்கும் அதே கணக்குதான், 9 கிலோ.

பி.டி. மாஸ்டர் (ஓய்வு):
ஊசியில் எடை இறங்கிய பிறகு கோயில் அன்னதானத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன், எழ முடியவில்லை. ஏழாவது படிக்கிற பையன் கை கொடுத்துத் தூக்கினான். முப்பது வருஷம் பையன்களைத் தோப்புக்கரணம் போடவைத்தவன் நான்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். குறைகிற எடை எல்லாம் கொழுப்பு என்று நினைக்காதீர்கள். தூங்காநகரம் சொன்ன அதே ஆய்வில் சிலரை ஸ்கேன் பண்ணிப் பார்த்தபோது, குறைந்ததில் சுமார் 40 சதவீதம் கொழுப்பல்லாத எடை, தசையும் அதில் அடக்கம். ஊசி உடம்பின் எரிப்பைக் கூட்டுவதாக ஒரு பேச்சு உண்டு, நம்பாதீர்கள். குறைவாகச் சாப்பிடுகிறோம், அதனால் இளைக்கிறோம், முக்கால்வாசி அவ்வளவுதான். உடம்பு சிறுத்தால் அது எரிப்பதும் குறையும், அதில் தசையும் போனால் கேட்கவே வேண்டாம். எனவே தட்டில் முதல் வாய் சோறாக இருக்கக் கூடாது. முட்டை, மீன், சுண்டல், பனீர், அப்புறம்தான் சோறு. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்துப் பத்தாக மூன்று தடவை, கையை ஊன்றாமல். நடை நல்லதுதான் காலைநடை, ஆனால் தசைக்கு அது மட்டும் போதாது. தண்ணீர் குடியுங்கள், இல்லாவிட்டால் மலச்சிக்கல் பாடாய்ப்படுத்தும். கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையும் சேர்ந்து போகிறது என்றால் அளவைக் குறைக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள், பசி இல்லாமல் சாப்பாட்டை விட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கும். மேல்வயிற்றில் தாங்க முடியாத வலி, முதுகு வரை போகிறது என்றால் சுக்குக் கஷாயம் வைக்காதீர்கள். கணைய அழற்சியாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி.

யாழ் நண்டு, ஸ்கார்பரோ:
மாஸ்டர், உங்கட சம்பவம் நாலு வரி, புத்திமதி ஒரு முழம்.

அம்மா ஒடியல் கூழ் காய்ச்சினா. நண்டும் றாலும் தேடி ரெண்டு கடை ஏறி இறங்கினவ. எனக்கு ரெண்டு மிடறுக்கு மேல் இறங்கவில்லை. "வடிவாக் குடி பிள்ளை" என்று சொல்லிப்போட்டு அவ அங்கால திரும்ப, கப்பை யன்னல் சீலைக்குப் பின்னால ஒளித்துவைத்தேன். எடுக்க மறந்துபோச்சு. அடுத்த நாள் அம்மா கண்டுபிடித்திருக்கிறா. என்னட்டை ஒரு சொல் கேட்கவில்லை. பின்னேரம் போனில் மாமியிடம் சொல்கிறா: "என்ர கைப்பக்குவம் போயிட்டுது போல." ஊசி போடுறன் என்று இன்னும் நான் சொல்லவில்லை.

திருச்சி வண்டிக்காரன்:
சிறுவாணி அக்கா, அடுத்த மாதம் எனக்குக் குடலிறக்க ஆபரேஷன். என்னென்ன மாத்திரை என்று எழுதி வாங்கினார்கள். ஊசி மாத்திரை இல்லையே என்று நான் விட்டுவிட்டேன். காலையில் முதல் வேலையாகப் போன் பண்ணிச் சொல்கிறேன்.