ஆறு மாதக் குழந்தைக்கு முதல் உணவு: பருப்புத் தண்ணீர் போதுமா?

கேள்வி (மேலூரிலிருந்து ஒரு தாய்)

எங்கள் மகளுக்கு வரும் வெள்ளிக்கிழமையோடு ஆறு மாதம் நிறைகிறது. இதுவரை தாய்ப்பால் மட்டுமே கொடுத்திருக்கிறேன். தலை நன்றாக நிற்கிறது. மடியில் உட்காரவைத்தால் எங்கள் தட்டையே பார்த்து வாயை அசைக்கிறாள். டப்பா மாவு வாங்காமல் அன்றன்று வீட்டிலேயே சமைத்துக் கொடுக்க விரும்புகிறேன். ஆனால் முதல் ஒரு மாதத்துக்குப் பருப்புத் தண்ணீரும் வடித்த கஞ்சியும் போதும், கெட்டியாகக் கொடுத்தால் செரிக்காது என்கிறார் அத்தை. நான்கு பிள்ளைகளை வளர்த்தவரின் சொல்லைத் தட்டவும் மனமில்லை. எதில் தொடங்கலாம், கேழ்வரகுக் கூழில் கருப்பட்டி சேர்க்கலாமா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1 (உசிலம்பட்டி)

மகளே, என் பேரப்பிள்ளைகள் மூவருக்கும் முளைகட்டிய கேழ்வரகுக் கூழில்தான் தொடங்கினோம். கல், தூசு நீக்கிக் கழுவிய கேழ்வரகை இரவில் ஊறவைத்து, காலையில் வடித்து, ஈர வெள்ளைத் துணியில் முடிந்து வைத்தால், நம் ஊர் வெக்கைக்கு மறுநாளே வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். அதை நன்றாக உலர்த்தி, வாசம் வரும்வரை இளஞ்சூட்டில் வறுத்து, அரைத்து, மெல்லிய துணியில் சலித்துக்கொள். மாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துவிட்டு அடுப்பில் வைக்க வேண்டும். சூடான தண்ணீரில் கொட்டினால் கட்டி தட்டிவிடும். கை விடாமல் கிண்டினால் வெளிறிய கரைசல் கருஞ்சிவப்பாக மாறிப் பளபளக்கும். பச்சை வாடை போகும்வரை இறக்காதே.

பதில் 2 (திருமங்கலம், கிராமச் சுகாதாரச் செவிலியர்)

சகோதரி, பருப்புத் தண்ணீரில் பருப்பு இல்லை என்பதுதான் சிக்கல். குழந்தையின் வயிறு மிகச் சிறியது. அதைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் சத்துக்கும் இடமில்லை, தாய்ப்பாலுக்கும் இடமில்லை. பருப்பையே குழைய வேகவைத்து, சோற்றோடு மசித்து, சில துளி நெய் விட்டுக் கொடுங்கள். கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாமல் மெதுவாக நழுவும் பதம் சரியான பதம். முளைகட்டிய கேழ்வரகின் சிறப்பும் இதில்தான் இருக்கிறது: முளைக்கும்போது உண்டாகும் நொதி மாவுப்பொருளை உடைப்பதால், மாவைக் கூட்டிப் போட்டாலும் கூழ் இறுகுவதில்லை.

முதல் நாள்களில் இரண்டு, மூன்று கரண்டி போதும். எட்டு மாதம்வரை நாளுக்கு இரண்டு அல்லது மூன்று வேளையாக, 250 மி.லி. கிண்ணத்தில் பாதி அளவுக்குச் சிறிது சிறிதாக உயர்த்துங்கள். பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புச்சத்துச் சேமிப்பு ஏறக்குறைய ஆறாம் மாதத்தில் குறைந்துவிடும். தாய்ப்பாலில் அது மிகவும் குறைவு. எனவே, நன்கு வெந்த முட்டை, மசித்த ஈரல், முருங்கைக்கீரை ஆகியவற்றைத் தள்ளிப்போடாதீர்கள். கருப்பட்டி, சர்க்கரை, உப்பு எதுவும் ஒரு வயதுவரை தேவையில்லை. தேனை நாக்கில் தடவுவதுகூடக் கூடாது. அதிலுள்ள கிருமி வித்துகள் கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கக்கூடும். தாய்ப்பால் இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் தொடரட்டும். அங்கன்வாடியில் மாதந்தோறும் எடை பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 3 (செல்லூர்)

நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். காலையில் செய்த கூழை மூடி வைத்து, சித்திரை வெயிலில் பிற்பகல் மூன்று மணிக்கு மீண்டும் ஊட்டினேன். அன்றிரவே மகனுக்கு வயிற்றுப்போக்கு வந்துவிட்டது. அதன்பின் ஒரு வேளைக்கு மட்டுமே சமைத்தேன், மிச்சத்தை வைத்துக்கொள்வதே இல்லை. சிறுமலை வாழைப்பழம் கிடைத்தால், நன்றாகக் கனிந்ததை மசித்துக் கொடுத்துப் பாருங்கள். முதலில் நாக்கால் வெளியே தள்ளுவாள். அது பிடிக்காததால் அன்று, விழுங்கப் பழகாததால்தான்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை காலை கூழைக் கிண்டியவரும் அத்தைதான், கரண்டியைச் சாய்த்துப் பதம் பார்த்தவரும் அத்தைதான். செவிலியரின் பதிலை நான் வாசித்துக் காட்டியபோது குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டார். கருப்பட்டியைப் பிறந்தநாளுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவரே சொல்லிவிட்டார். முதல் வாய் தாடையில் வழிந்தது. மூன்றாவது வாய்க்குக் கரண்டியை அவளே பிடித்து இழுத்தாள்.