காலுக்கு 45, காதுக்கு 30: அட்டையில் 60 மட்டும் வந்திருக்கிறதே?

கேள்வி | பலாக்காடு (பண்ருட்டி)
தம்பிக்கு 29 வயது. மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடி, ஜிப்மரில் ஆபரேஷன் ஆனது. குறைபாடு காலுக்கு 45 சதவீதம், காதுக்கு 30. யுடிஐடி (மாற்றுத்திறனாளி அடையாள) அட்டையில் 60 என்று போட்டிருக்கிறார்கள். 75 இருந்தால்தான் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை என்று மனுவைத் திருப்பிவிட்டார்கள். மேல்முறையீடு போடலாமா?

கெடிலக்கரை
இந்தக் கணக்கை வைத்துப் போடாதீர்கள், அது சரியாகவே இருக்கிறது. இரண்டு குறைபாடு இருந்தால் நேராகக் கூட்ட மாட்டார்கள். 90-இல் பெரிய எண்ணைக் கழித்து, மிச்சத்தைச் சின்ன எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, வந்ததைப் பெரிய எண்ணோடு சேர்ப்பார்கள். 90−45=45. 45×30÷90=15. ஆக 45+15=60. காலையோ காதையோ தனியாகக் குறைத்துப் போட்டிருந்தால் கதை வேறு. அதற்கு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 59-ஆம் பிரிவில் மேல்முறையீடு உண்டு.

தேவனாம்பட்டினம்
எல்லோரும் 75-ஐயே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அது ‘கடும் பாதிப்பு’ வகைக்கு. முதுகுத்தண்டுவட பாதிப்பு தனி வகை, அதற்கு 40 போதும். அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு, பார்க்கின்சன் எல்லாவற்றுக்கும் அதே 40தான். மனுவில் எந்த வகை போட்டீர்கள்? மருத்துவச் சான்றிதழில் நோய் விவரம் எழுதும் வரியில் என்ன இருக்கிறது?

பலாக்காடு
‘கை கால் குறைபாடு’ என்று போட்டோம் அண்ணா. சான்றிதழில் ‘பாராபாரெசிஸ்’ என்று மட்டும் இருக்கிறது.

தேவனாம்பட்டினம்
சிக்கலே அதுதான். அந்தச் சொல்லுக்கு இரண்டு காலும் பலவீனம் என்று அர்த்தம். காரணம் தண்டுவடமா வேறெதுவுமா என்று அதில் தெரியாது. ஜிப்மர் டிஸ்சார்ஜ் சம்மரி, எம்ஆர்ஐ ரிப்போர்ட் இரண்டையும் எடுத்துக்கொண்டு, சான்று கொடுத்த மருத்துவக் குழுவிடம் தண்டுவடக் காயம் என்று சேர்த்துத் தரக் கேளுங்கள். சதவீதத்தைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம். பிறகு கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் சரியான வகையில் புதிதாக மனு கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் கிளம்பாதீர்கள்.

கெடிலக்கரை
திருத்தம் கிடைக்காவிட்டால் வருவாய்த்துறையின் 1,500 ரூபாய் உதவித்தொகை இருக்கிறது. 18 வயதும் 40 சதவீதமும் வேண்டும். இ-சேவையில் போட்டால் விஏஓ வழியாகத் தனி தாசில்தாருக்குப் போகும். இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும்.

பாகூர் ரோடு
இடையில் ஒரு சந்தேகம். குடியிருப்பது ரெட்டிச்சாவடி, ஆதார் இன்னும் கன்னியக்கோயில் முகவரியில். கடலூரில் போடலாமா?

கெடிலக்கரை
கன்னியக்கோயில் புதுச்சேரி கணக்கு, அங்கே திட்டமே வேறு. முதலில் ஆதார், ரேஷன் கார்டு, யுடிஐடி மூன்றையும் ரெட்டிச்சாவடிக்கு மாற்றுங்கள். பாஸ்புக்கில் இனிஷியல் பின்னால், ஆதாரில் முன்னால் என்று இருந்தால் அதையும் இப்போதே சரிசெய்துவிடுங்கள். இல்லாவிட்டால் அனுமதி வந்த பிறகும் பணம் ஏறாமல் நிற்கும்.