பள்ளியிலிருந்து சிங்கப்பூர் டூர்: பிள்ளைக்கு உண்மையில் என்ன கிடைக்கும்?

திருப்பூர் அம்மா:
மகள் ஒன்பதாம் வகுப்பு. அரையாண்டு லீவில் சிங்கப்பூருக்குக் 'கலாச்சாரப் பயணம்' என்று சர்க்குலர் வந்திருக்கிறது, ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும். வகுப்பில் பாதிப் பேர் பெயர் கொடுத்தாயிற்று, இவளும் தினமும் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்துவிடுகிறாள். பணத்தை எப்படியாவது புரட்டிவிடலாம். ஆனால் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தால் யுனிவர்சல் ஸ்டுடியோஸ், சென்டோசா, நைட் சஃபாரி, கடைசி நாள் முஸ்தஃபாவில் ஷாப்பிங். இதில் கலாச்சாரம் எங்கே இருக்கிறது? 'அந்தக் காசுக்கு நாமே குடும்பத்தோட போயிட்டு வந்துடலாமே' என்கிறார் அவள் அப்பா. அனுப்பியவர்கள், கூடப் போன ஆசிரியர்கள் யாராவது சொல்லுங்கள்.

வரலாறு டீச்சர்:
பிள்ளைகளோடு போயிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். டிராவல்ஸ்காரர்கள் எல்லாப் பள்ளிக்கும் இதே தாளைத்தான் நீட்டுவார்கள், பள்ளி கேட்டால் மாற்றித் தருவார்கள். அரை நாளாவது சவுத் பிரிட்ஜ் ரோட்டுக்கும் தெலோக் ஆயர் தெருவுக்கும் ஒதுக்கச் சொல்லுங்கள். 1827-இல் தொடங்கிய மாரியம்மன் கோயில், பக்கத்திலேயே சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள் கட்டிய ஜாமே சூலியா பள்ளிவாசல், அதே ரோட்டில் இன்னும் கொஞ்சம் நடந்தால் 2007-இல் திறந்த புத்தர் பல் கோயில். தெலோக் ஆயரில் நாகூர் ஆண்டவர் பெயரில் 1830 வாக்கில் கட்டிய தர்கா, அதை ஒட்டினாற்போல் சீனர்களின் தியான் ஹாக் கெங் கோயில். இன்றைக்கு உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவில் இருக்கிற அந்தத் தெருதான் அன்றைக்குக் கடற்கரை. கப்பலில் உயிர் பிழைத்து வந்து இறங்கியவர்கள், நாகப்பட்டினம் பக்கத்து ஆளோ சீனாவிலிருந்து வந்தவரோ, கரையேறியதும் நன்றி சொல்லக் கட்டிய இடங்கள் அவை. வகுப்பில் இதை நான் ஒரு பத்தியில் முடித்துவிடுவேன். அங்கே தர்கா வாசலில் நாகூர்ப் பையன் ஒருவன், 'மிஸ், எங்க ஊர்க்காரங்க இங்க எதுக்கு வந்தாங்க, திரும்பி வந்தாங்களா?' என்று ஆரம்பித்தவன் பஸ் ஏறும்வரை விடவில்லை. தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை இப்படிக் கேட்காது.

கடைசி பெஞ்ச்:
அக்கா, நான் பத்தாவதில் போனேன். யுனிவர்சலும் ஜாலிதான், அதைத் திட்டாதீங்க 😄 ஆனால் இப்பவும் ஞாபகம் இருப்பது, உணவங்காடியில் ஆளுக்குப் பத்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து 'நீங்களே வாங்கிச் சாப்பிடுங்க' என்று சார் விட்டதுதான். ஒரு பயல் போய் டீ என்றான், கடைக்காரர் 'தேயா, தே சியா, தே ஓவா?' என்று டீ வகைகளை அடுக்க அவன் முழித்த முழி இருக்கே! கடைசியில் பாலில்லாத டீ வந்தது. சாப்பிட்டு முடித்ததும் தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்தோம், பக்கத்து மேசைத் தாத்தா ஒன்றும் பேசாமல் தட்டு வைக்கிற ஸ்டாண்டைக் கை காட்டினார். 2021-லிருந்து அங்கே அது கட்டாயமாம். வீட்டில் தட்டையே தொடாத பயல்கள் வரிசையாகக் கொண்டுபோய் வைத்தார்கள். அப்பா அம்மாவோடு போயிருந்தால் டீயை அப்பா வாங்கியிருப்பார், தட்டை அம்மா எடுத்திருப்பார்.

கணக்குப்பிள்ளை:
எல்லாம் சரி, பெயர் கொடுக்காத மீதிப் பாதி வகுப்பு? திரும்பி வந்ததும் ஒரு மாதம் சிங்கப்பூர்க் கதைதான் ஓடும், போகாத பிள்ளை என்ன செய்யும்? அரசே போட்டிகளில் ஜெயித்த அரசுப் பள்ளி மாணவர்களை 2022-இல் துபாய், ஷார்ஜா புத்தகக் கண்காட்சி என்று கூட்டிப்போனது. அது எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அங்கே அப்பாவின் பர்ஸ் ஆளைத் தேர்ந்தெடுக்கவில்லை. டீச்சர் சொல்கிற அந்த தர்காவின் மூலம் நாகூரில்தானே இருக்கிறது? முழு வகுப்பையும் முதலில் அங்கே கூட்டிப்போகலாமே, பஸ் செலவோடு போச்சு.

வரலாறு டீச்சர்:
சார், அதை மறுக்க மாட்டேன். நாகூரை முதலில் பார்த்துவிட்டுப் போகிற பிள்ளைக்குத் தெலோக் ஆயரில் பத்து மடங்கு புரியும்.

தேக்காவாசி:
சிங்கப்பூரிலிருந்து ஒரு விஷயம். டிசம்பரில் வந்தால் இங்கேயும் பள்ளிகளுக்கு ஆண்டு இறுதி விடுமுறை, கூடவே மழை. உள்ளூர்ப் பிள்ளைகளைப் பார்க்கவே முடியாது, எனக்கு அதுதான் பெரிய நஷ்டமாகப் படுகிறது. தமிழை வகுப்பில் பாடமாகப் படித்துவிட்டு, வெளியே வந்ததும் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசுகிற தமிழ்ப் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் ஆச்சரியப்படும். ஏப்ரலில் இங்கே தமிழ்மொழி விழா நடக்கும், உங்கள் ஆண்டுத் தேர்வு முடிகிற நேரம். அப்படியே கேம்பல் லேனில், இங்குள்ள இந்தியர்களின் வரலாற்றைச் சொல்கிற இந்திய மரபுடைமை நிலையத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

திருப்பூர் அம்மா:
எல்லோருக்கும் நன்றி. தேதியை ஏப்ரலுக்குத் தள்ள முடியுமா, நாகூருக்கு வகுப்பே போகலாமா என்று பிரின்சிபாலிடம் கேட்கப் போகிறேன், இன்னும் நாலைந்து பெற்றோரையும் கூட்டிக்கொண்டு. தனியாகப் போனால் 'பார்க்கலாம் மேடம்' என்று அனுப்பிவிடுவார்கள். மகளிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

கடைசி பெஞ்ச்:
பாஸ்போர்ட்டை இப்பவே எடுத்து வைங்க அக்கா, தேதி எதுவானாலும் அது வேணும்.