குடிநீர்க் கசிவு: இரவு ஓட்டக் கணக்கை நம்பலாமா?

வார்டுப்பொறியாளர்:
கோவையின் 24 மணி நேரக் குடிநீர்த் திட்டம் மாதிரி, பகுதியைத் தனி மண்டலமாக்கி நுழைவுக் குழாயில் மீட்டர் வைத்திருக்கிறோம். 1,000 இணைப்பு. பயன்பாடு மிகக் குறைவான இரவு 2 முதல் 4 மணிவரையும், மணிக்கு 6 கனமீட்டர் ஓடுகிறது. இதில் கசிவு எவ்வளவு?

குழாய்வழி:
இணைப்புக்கு மணிக்கு 2 லிட்டர் நியாயமான பயன்பாடு என்று வைத்தால் 2 கனமீட்டர் கழியும். மிச்சம் 4 கசிவு. அதை 24-ஆல் பெருக்காதீர்கள். இரவில் அழுத்தம் கூடுவதால் கசிவும் கூடும். 20-ஆல் பெருக்கினால் நாளுக்கு ஏறத்தாழ 80,000 லிட்டர்.

அதற்கு முன் மண்டலம் முழுதாக மூடியிருக்கிறதா பாருங்கள். நள்ளிரவில் எல்லை வால்வுகளையும் நுழைவு வால்வையும் அடைத்துவிட்டு, உள்ளே அழுத்தமானியைக் கவனியுங்கள். முள் பூஜ்யத்துக்கு இறங்காவிட்டால் பக்கத்து மண்டலத் தண்ணீர் உள்ளே வருகிறது. பெரும்பாலும் சரியாக அடையாத பழைய வால்வுதான் காரணம்.

சம்ப்மூடி:
நம்மூரில் கணக்கு சறுக்குவது சம்ப்பிலும் மேல்தொட்டியிலும்தான். மிதவை வால்வு திறந்திருந்தால் 2 மணிக்கும் தொட்டி நிரம்பும். அதுவும் கசிவு போலவே தெரியும். வீட்டு மீட்டர்களை அதே நேரத்தில் படித்துக் கழியுங்கள். விட்டுவிட்டு வரும் விநியோகமென்றால் இந்த முறையே வேண்டாம். தண்ணீருக்கு முன் வரும் காற்றே சக்கர மீட்டரைச் சுழற்றிவிடும்.

குழாய்வழி:
சரியான பேச்சு. இன்னொன்று: மின்காந்த மீட்டரென்றால், அதற்கு முன்னால் குழாய் விட்டத்தைப்போல் 5 மடங்காவது நேர்நீளம் விடுங்கள். வளைவை ஒட்டிப் பொருத்தினால் வரும் எண்ணே பொய்.